சலவை மூட்டையில் தப்பிய வாரிசு

அரசியல் சூழ்ச்சியை நடுவில் வைத்து எழுதப்பட்ட அறிவியல் புனைகதைகளை விரும்பிப் படிப்பவர்கள் தங்கள் விருப்பத்துக்கு இரண்டு காரணங்கள் சொல்வதுண்டு. சிலருக்குச் சதி பிடிக்கும்: யார் யாரைக் காட்டிக்கொடுப்பார், அடுத்த பலி யார் என்ற பதைப்பு. வேறு சிலருக்கு ஆசிரியர் எழுப்பிக் காட்டும் உலகம் பிடிக்கும்: கேட்டறியாத கோள், அங்குள்ளவர்களின் உணவு, சடங்கு, உறவுமுறை, புத்தகத்தின் கடைசியில் ஓர் அருஞ்சொல் பட்டியல். விமரிசகர்களும் இவற்றைப் பிரித்துத்தான் பேசுகிறார்கள். சதி கதையை ஓட்டுகிறது, உலக வருணனை அதை நிறுத்தி நிறுத்திப் போகிறது என்பார்கள். இந்தப் பிரிவினை தவறு. சதி எந்த அன்றாட ஏற்பாட்டின் இடுக்கில் நுழைகிறதோ, அந்த ஏற்பாடு வாசகருக்கு முன்பே பழகியிருந்தால்தான் சதி சுவைக்கும். உலக வருணனை என்று நாம் தாண்டிப் போகிற பக்கங்களில்தான் அந்தப் பழக்கம் உண்டாகிறது. இதைச் சோதித்துப் பார்க்கக் கற்பனையே இல்லாத ஒரு சூழ்ச்சியை முதலில் எடுத்துக்கொள்ளலாம். அதன் வேர் சந்திரகிரியில் இருக்கிறது.

திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் சாலையில், பாறைக் குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது சந்திரகிரிக் கோட்டை. பாகாலா வழியாகக் காட்பாடி போகும் ரயில் பாதையில் அந்தப் பெயரில் ஒரு நிலையமும் உண்டு. கோட்டைக்குள் மரத்தைப் பயன்படுத்தாமல் கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய மூன்றடுக்கு ராஜ மகால், இன்று இந்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். வேலூர்ப் பக்கமிருந்து திருமலைக்குப் போகிறவர்களில் அதைத் திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு. 1565இல் தலைக்கோட்டைப் போரில் தோற்று ஹம்பியை இழந்த விஜயநகர அரசு பெனுகொண்டாவுக்குப் பின்வாங்கியது. 1586 அளவில் அரியணை ஏறிய இரண்டாம் வேங்கடபதி தேவராயர் பின்னர் சந்திரகிரியைத் தலைநகராக்கிக்கொண்டார். 1598இல் இயேசு சபைப் பாதிரிகள் அவரைத் தேடி வந்தது இந்த ஊருக்குத்தான். திருமலைக் கோயிலுக்குள் நுழைந்ததும், கிருஷ்ணதேவராயரும் இரு தேவியரும் கைகூப்பி நிற்கும் மண்டபத்தில், வேங்கடபதியின் உலோகச் சிலையும் இருக்கிறது. லிங்கம நாயக்கரிடமிருந்து வேலூர்க் கோட்டை கைக்கு வந்த பிறகு அரசவை அங்கே நகர்ந்தது. 1614 அக்டோபரில் வேங்கடபதி இறந்தார். பல மனைவியர் இருந்தும் அவருக்குச் சொந்த ஆண் வாரிசு இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததைப் போர்த்துக்கீசிய இயேசு சபைப் பாதிரியார் மனுவேல் பர்ராதாஸ் 1616 டிசம்பர் 12ஆம் தேதியிட்ட ஒரு கடிதத்தில் எழுதி வைத்தார். ராபர்ட் சீவெல் 1900இல் வெளியிட்ட விஜயநகர வரலாற்று நூலில் அதன் மொழிபெயர்ப்பைச் சேர்த்தார். ஹென்றி ஹீராஸ் 1927இல் வேங்கடபதியின் அரவீடு மரபைப் பற்றி எழுதியபோது அந்தச் சாட்சியத்தை மற்ற ஆதாரங்களோடு வைத்துப் பார்த்தார். பர்ராதாஸ் சொல்வது இது. பிள்ளையில்லாத அரசி ஒருத்தி, அரண்மனையோடு தொடர்புடைய ஒரு பிராமணப் பெண்ணின் குழந்தையைத் தன் குழந்தையாக வளர்த்தாள். ராயருக்கு உண்மை தெரியும், அரசி மேல் இருந்த பிரியத்தால் வாய்திறக்கவில்லை. சாவதற்கு மூன்று நாள் முன்பு அந்தப் பையனை ஒதுக்கிவிட்டு, அண்ணன் மகன் ஸ்ரீரங்கனை அழைத்து, பிரபுக்கள் முன்னிலையில் அரச மோதிரத்தை நீட்டினார். ஸ்ரீரங்கன் அழுதான். தனக்கு வேண்டாம், வேறு யாருக்காவது கொடுங்கள் என்று காலில் விழுந்தான். இரண்டாம் முறை நீட்டியும் வாங்கவில்லை. மூன்றாம் முறை, பக்கத்தில் இருந்த தளபதிகள் சொல்ல, வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு பிறகு விரலில் போட்டுக்கொண்டான். அரசியின் நெருங்கிய உறவினனான ஜக்கராயன், திம்ம நாயக்கன், மாக்கராயன் என்று மூவர் கூடி, கோட்டைக் காவலைக் கைக்குள் போட்டுக்கொண்டு, புது ராயனைக் குடும்பத்தோடு சிறைவைத்து, வளர்ப்புப் பையனை அரியணையில் உட்காரவைத்தார்கள்.

இங்கே பர்ராதாஸ் ஒரு கணக்கு தருகிறார். ஜக்கராயனுக்கு வருமானம் 6 லட்சம் குருசாடோ (போர்த்துக்கீசிய நாணயம்), களத்தில் இறக்கக்கூடிய ஆட்கள் 20,000. திம்ம நாயக்கனுக்கு 4 லட்சமும் 12,000 பேரும். மாக்கராயனுக்கு 2 லட்சமும் 6,000 பேரும். துரோகத்தின் நடுவே வரவுசெலவுக் கணக்கு எதற்கு என்று தோன்றலாம். ஆனால் அந்தக் கணக்கு இல்லாவிட்டால் துரோகமே புரியாது. நிலத்தைப் பிரபுக்களிடம் விட்டு, அதற்கு ஈடாகப் படையை அவர்களிடமே வளர்க்கச் சொல்லும் ஓர் ஆட்சிமுறையில், ராயன் என்பவன் கோட்டையும் கருவூலமும் தன் கையில் இருக்கும் வரைதான் ராயன். மூன்று பேர் கூடினால் 38,000 பேர். சிறையில் கிடக்கும் ராயனிடம் ஒரு மோதிரம். சதிக்காரர்களுக்கு வாளைவிட அவசியமாக வேண்டியிருந்தது அரியணையில் உட்கார ஓர் ஆள். அந்த ஆள் யாருக்குப் பிறந்தவன் என்பது அவர்களுக்குப் பொருட்டில்லை, வெளியே நம்பவைக்க முடிந்தால் போதும். இதெல்லாம் தெரிந்த பிறகுதான் ஸ்ரீரங்கனின் அழுகை நாடகமாகத் தோன்றாமல் கணிப்பாகத் தோன்றுகிறது. அவனும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

சதிக்கு உடன்படாத ஒரே பெரிய பிரபு வெலுகோட்டி யாசம நாயக்கர். சிறைப்பட்ட குடும்பத்தை மீட்க அவர் எடுத்த முயற்சிகளில் வென்றது ஒன்றுதான், அது மிக எளியது. அரண்மனைத் துணி வெளுப்பவர் ஒருவர், ஸ்ரீரங்கனின் நடுமகனான பன்னிரண்டு வயது ராமனைத் துணி மூட்டைக்குள் வைத்து வெளியே கொண்டுவந்துவிட்டார். பின்னால் ஸ்ரீரங்கனும் மற்றக் குழந்தைகளும் வேலூர்க் கோட்டைக்குள் கொல்லப்பட்டபோது உயிரோடு எஞ்சியவன் இந்த ஒருவன். இதை வெறும் சாகசமாகப் படிக்கலாம், பெரும்பாலோர் அப்படித்தான் படிக்கிறார்கள். ஆனால் இந்தத் தப்பித்தல் ஏன் பலித்தது என்று கேட்டால் அந்தச் சமூகமே விடையாக வந்து நிற்கிறது. பூட்டிய அரண்மனைக்குள்ளும் அழுக்குத் துணி சேர்ந்துகொண்டுதான் இருக்கும். ராஜகுடும்பம் தன் துணியைத் தானே துவைக்காது. காவல் எவ்வளவு கடுமையானாலும் துணி எடுக்க வருபவருக்குக் கதவு திறந்தாக வேண்டும். பிறர் உடுத்திய அழுக்குத் துணியைத் தொட்டுக் கிளறிப் பார்ப்பது காவலருக்குத் தீட்டாகவோ இழிவாகவோ இருந்திருக்கும் என்று ஊகிக்க இடமுண்டு. பர்ராதாஸ் காரணம் சொல்லவில்லை, செயலை மட்டும் சொல்கிறார். எந்தச் சாதி ஒழுங்கு அந்த மனிதரைக் கீழே வைத்ததோ அதே ஒழுங்குதான் அவரைச் சோதனையில்லாமல் உள்ளே போகவும் வெளியே வரவும் விட்டது. சதிக்காரர்கள் வாசலையும் படையையும் கருவூலத்தையும் பிடித்தார்கள். அழுக்குத் துணியை மறந்தார்கள்.

சூழ்ச்சிக் கதையின் சுவை உண்டாவது இந்த மாதிரி இடத்தில்தான். ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965இல் நூலாக வெளியிட்ட 'டூன்' நாவலை எடுத்துக்கொள்வோம். கார் பழுதுபார்ப்புக் கையேடுகள் போட்டுக்கொண்டிருந்த சில்டன் நிறுவனம்தான் அதை அச்சிட்டது என்பது பதிப்புலகில் அடிக்கடி பேசப்படும் வேடிக்கை. அராக்கிஸ் என்ற பாலைக் கோள். விண்மீன்களுக்கிடையே கப்பல் செலுத்த இன்றியமையாத ஒரு போதைப்பொருள் அங்கே மட்டும் கிடைக்கிறது. பேரரசர், பிரபுக் குலங்கள், கப்பல் போக்குவரத்தைத் தனியுடைமையாக வைத்திருக்கும் சங்கம் என மூன்று அதிகாரங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. புதிதாக வந்திறங்கிய கோமகன் லீட்டோவைப் பார்க்கப் பாலைவன மக்களின் தலைவன் ஸ்டில்கர் வருகிறான், மேசைமேல் எச்சில் துப்புகிறான். கோமகனின் ஆட்கள் கொதித்து எழுகிறார்கள். அம்மக்களோடு பழகிய டங்கன் ஐடஹோ மட்டும் நன்றி சொல்லித் தானும் துப்புகிறான். ஒரு துளி நீருக்கும் கணக்கு இருக்கும் ஊரில் தன் உடம்பின் ஈரத்தைக் கொடுப்பது மரியாதை. இதை அலங்காரமாக எழுதியிருந்தால் படித்து மறந்திருப்போம். ஆனால் அந்த மேசையில் முடிவாவது ஒரு கூட்டணி. கோமகன் அவமானம் என்று நினைத்து வாளை உருவியிருந்தால் அவர் மகனுக்குப் பின்னால் ஒரு படையே கிடைத்திருக்காது. நீரைப் பற்றிய அந்த அறிவு சதியின் ஓர் உறுப்பு.

துரோகத்தை ஹெர்பர்ட் கையாளும் விதம் இன்னும் நேரான சான்று. குடும்ப வைத்தியர் யூயேதான் துரோகி என்பதை அவர் ஒளிக்கவில்லை. நாவலின் ஆரம்பத்திலேயே வாசகருக்குச் சொல்லிவிடுகிறார். திடுக்கிடலில்தான் சுவை என்றால் இது கதையைக் கெடுக்கும் வேலை. கெடுக்கவில்லை, ஏனென்றால் வாசகர் காத்திருப்பது வேறொன்றுக்காக. யூயே படித்த மருத்துவப் பள்ளியின் மாணவர்கள் நோயாளிக்குத் தீங்கு செய்யவே முடியாதபடி மனம் பழக்கப்பட்டவர்கள், ஆகவே பேரரசரே நம்பிக் கையை நீட்டலாம் என்பது அந்த உலகத்தின் விதி. கோட்டையில் எல்லாரையும் சந்தேகிக்கிறவர்கள் யூயேயை மட்டும் சந்தேகிக்காததற்கு அந்த விதிதான் காரணம். விதிக்குள் ஓர் ஓட்டை இருக்கிறது: எதிரிகள் அவருடைய மனைவியைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். நம்பிக்கை எங்கே கெட்டியாக இருக்கிறதோ அங்கேதான் காவல் இல்லை. வேலூர்க் காவலர்கள் துணி மூட்டையை அவிழ்க்காததும் லீட்டோவின் ஆட்கள் யூயேயை விசாரிக்காததும் ஒரே தருக்கம். ஒன்றில் பிள்ளை பிழைத்தான், மற்றதில் தகப்பன் செத்தான் என்பதுதான் வித்தியாசம்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் வலுவானது இது: பேராசை, பயம், பாசம், பொறாமை இவை எங்கும் ஒன்றுதான். சதி புரிய மனிதர் புரிந்தால் போதும், உலகம் புரிய வேண்டியதில்லை. கல்கியின் பொன்னியின் செல்வனைச் சோழர் நிர்வாகம் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் 1950களிலிருந்து ரசித்து வருகிறார்களே? உண்மைதான். ஆனால் அவர்கள் தெரியாமல் தொடங்கினார்களே தவிரத் தெரியாமல் முடிக்கவில்லை. வந்தியத்தேவன் குதிரையில் போகும் வழியெல்லாம் கல்கி அவர்களுக்குச் சோழநாட்டைக் கற்றுக்கொடுத்துக்கொண்டே போகிறார். மூத்தவர் மகனுக்கா இளையவர் மகனுக்கா பட்டம் என்ற சிக்கல், தனாதிகாரியே கோட்டைத் தலைவருக்கு அண்ணன் என்ற நிலைமை, இவை பிடிபட்ட பிறகுதான் சம்புவரையர் மாளிகையில் நடக்கும் நள்ளிரவுக் கூட்டம் நடுக்கம் தருகிறது. ஆசை எங்கும் ஒன்று என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆசைப்பட்டதை அடைய எந்தக் கதவு திறக்கும், எது திறக்காது என்பது ஊருக்கு ஊர் வேறு. சதி என்பது கதவு பற்றிய அறிவு.

அப்படியானால் வரலாறே போதுமே, இல்லாத கோள்களைக் கற்பிப்பானேன் என்று அடுத்த கேள்வி வரும். 1614இன் வேலூரில் எல்லாமே இருக்கிறது: சாகக் கிடக்கும் கிழ ராயர், போலி வாரிசு, சிறை, கொலை, தப்பித்தல். இறுதியில் கல்லணைக்குப் பக்கத்துத் தோப்பூரில் தமிழகத்து நாயக்கர்கள் இரு கட்சியாக நின்று மோதிய போரும் உண்டு. தஞ்சை ரகுநாத நாயக்கர் ராமன் பக்கம், மதுரையும் செஞ்சியும் ஜக்கராயன் பக்கம். ஜக்கராயன் களத்தில் விழுந்தான், ராமதேவன் ராயனானான். இருந்தாலும் வரலாற்றில் ஒரு குறை உண்டு. நமக்குத் துணி மூட்டை தெரியவந்தது ஒரு பாதிரியார் கடிதம் தப்பிப் பிழைத்ததால். அந்தக் கடிதத்திலும், மூட்டை ஏன் சோதிக்கப்படவில்லை என்பதை நாம்தான் வெளியிலிருந்து கொண்டுவந்து நிரப்ப வேண்டியிருக்கிறது. நாவலாசிரியர் விதியையும் மீறலையும் ஒரே புத்தகத்துக்குள் தந்தாக வேண்டும். முன்கூட்டிச் சொல்லாத விதியை மீறிக் காட்டினால் வாசகர் ஏமாற்று வேலை என்று மூடி வைத்துவிடுவார். அறிவியல் புனைகதையில் இந்தக் கட்டாயம் இரட்டிப்பாகிறது, ஏனென்றால் அங்கே வாசகருக்கு ஏற்கனவே தெரிந்த எதுவும் உதவாது. எல்லாரும் அந்நியராகவே நுழைகிறோம். தமிழ் வாசகர், அமெரிக்க வாசகர் என்ற பேதமில்லை.

இன்னொரு வசதியும் உண்டு: ஒரே ஒரு விதியை மாற்றிப் பார்க்கலாம். அர்காடி மார்ட்டின் பைசாந்தியப் பேரரசின் வரலாற்றைப் படித்துப் பட்டம் பெற்றவர். 11ஆம் நூற்றாண்டில் பைசாந்தியம் ஆர்மேனிய நகரமான ஆனியை விழுங்கிய கதையிலிருந்து கிளைத்தது அவருடைய 2019ஆம் ஆண்டு நாவல். 'எ மெமரி கால்டு எம்பயர்' என்ற அந்த நூலுக்கு 2020இல் ஹியூகோ விருது கிடைத்தது. அதிலும் ஒரு கிழப் பேரரசர் சாகக் கிடக்கிறார், அரியணைக்குப் பலர் காத்திருக்கிறார்கள், அவர்களில் ஒருவன் பேரரசரின் உடற்கூற்றிலிருந்தே உருவாக்கிய சிறுவன். ஒரு சிறு விண்நிலையத்திலிருந்து அந்தத் தலைநகருக்கு வரும் தூதுவர் மஹித்தின் மூளையில், முன்பு தூதராக இருந்தவரின் நினைவுகளை ஏந்திய ஒரு கருவி இருக்கிறது. இறந்தவரின் அறிவு உயிரோடிருப்பவருக்குள் தொடரலாம் என்ற ஒரே மாற்றம், வாரிசுரிமை என்ற பழைய கேள்வியைத் தலைகீழாக்கிவிடுகிறது. வேங்கடபதியின் நினைவு முழுவதும் மோதிரத்தோடு சேர்ந்து ஸ்ரீரங்கனுக்குள் போயிருந்தால், ஜக்கராயன் எந்தப் பிள்ளையைக் காட்டி எதை நிரூபித்திருப்பான்? வரலாற்றாசிரியர் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. நாவலாசிரியர் கேட்காமல் இருக்கக் கூடாது.

உலகக் கட்டுமானத்தின் மேலேயே எரிச்சல் கொண்டவர்களும் உண்டு. ஆங்கில எழுத்தாளர் எம். ஜான் ஹாரிசன் அதைக் கடுமையாகச் சாடியிருக்கிறார். இல்லாத இடத்தை முழுக்க அளந்து வைக்கும் ஆசை, எழுதுவதற்கும் படிப்பதற்கும் உரிய சுதந்திரத்தைக் கெடுக்கிறது என்பது அவர் கட்சி. கற்பனை மன்னர் பரம்பரைப் பட்டியலை நாற்பது பக்கம் படித்தவர்கள் அவரோடு சண்டை போட மாட்டார்கள். என் வாதம் எல்லா வருணனைக்கும் வக்காலத்து அல்ல. மாறாக, தேவையானதையும் தேவையற்றதையும் பிரிக்க அது ஓர் அளவுகோல் தருகிறது: இந்த விவரம் எவருக்காவது ஒரு கதவைத் திறக்கிறதா, அடைக்கிறதா? அராக்கிஸின் நீர் திறக்கிறது. பிரபுக்களின் வருமானக் கணக்கு அடைக்கிறது. எதுவும் செய்யாத விவரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பிற்சேர்க்கைக்குப் போகலாம். 'டூன்' பிற்சேர்க்கைகளிலேயே அப்படிக் கிடக்கும் சரக்கு கொஞ்சம் இருக்கிறது.

எனக்கு இவற்றைவிடக் கனமாகத் தெரியும் ஆட்சேபம் வேறு. அரண்மனைச் சதியை ரசிப்பது அரண்மனையை ரசிப்பதில் முடியாதா? பேரரசுகளைத் தாண்டி வந்துவிட்ட நாம் எதற்காகத் திரும்பவும் விண்வெளியில் பிரபுக் குலங்களின் சண்டையைப் பார்த்துக் கைதட்டுகிறோம்? பர்ராதாஸ் மூன்று சதிகாரர்களின் வருமானத்தை எழுதினார், அரச அணிகலன்களின் மதிப்பையும் எழுதினார். மூட்டை தூக்கிய மனிதரின் பெயரை எழுதவில்லை. ஹெர்பர்ட்டும் பெருமளவு அப்படித்தான். வேலைக்காரர்களும் வைத்தியரும் கதையின் கீல்களாக இருக்கிறார்கள், கதை கோமகன் பிள்ளையைச் சுற்றியே போகிறது. இந்தக் குறையை மறுக்க முடியாது. ஆனால் உலகத்தைக் கவனமாகக் கட்டும் நாவல் தன்னையறியாமலே ஒன்றைக் காட்டிக்கொடுக்கிறது: மேலே இருப்பவர்களின் திட்டமெல்லாம் கீழே இருப்பவர்களின் அன்றாட வேலையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. வருணனை மெலிந்த சதிக் கதையில் இது தெரியவே தெரியாது. அங்கே வாளும் விஷமும் மட்டும் பேசும்.

தமிழில் இந்த இடத்தை நெருங்கியவர் சுஜாதா. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா' 2021ஆம் ஆண்டைக் கற்பனை செய்தது. ஜீவா என்ற சர்வாதிகாரியின் இந்தியா. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தப் பிறப்பும் இறப்பும் அரசின் அனுமதியில் நடக்கின்றன. நிலா என்ற சாதாரணப் பெண், காணாமல்போன கணவன் சிபியைத் தேடுகிறாள். ரவி, மனோ என்ற இருவரும் ஜீனோ என்ற இயந்திர நாயும் அவளை அதிகாரத்தின் நடுவே கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். ஜீவா மனிதனே அல்ல, ஒளியால் ஆன பிம்பம் என்று தெரியவரும் இடம், வேலூர் வளர்ப்புப் பையனின் கதையை அறிந்தவருக்கு வேறு விதமாகச் சுவைக்கும்: அரியணையில் ஓர் உருவம் இருந்தால் போதும், ஆள்பவர்கள் பின்னால் நின்றுகொள்ளலாம். ஹெர்பர்ட்டோடு ஒப்பிட்டால் சுஜாதாவின் உலகம் மெல்லியது. வாரத்துக்கு ஒரு திடுக்கிடல் கேட்கும் தொடர்கதை அவருக்கு நின்று கட்ட நேரம் கொடுக்கவில்லை. அந்த நாட்டில் சோறு எங்கிருந்து வருகிறது, துணி யார் துவைக்கிறார்கள் என்று அவர் சொல்வதில்லை. ஆனால் ஹெர்பர்ட் செய்யாத ஒன்றை அவர் செய்தார். குழந்தை பெற அரசிடம் அனுமதி கேட்டு நின்ற ஒரு பெண்ணைக் கதையின் மையத்தில் வைத்தார். அடுத்த தொடரான 'மீண்டும் ஜீனோ'வில் அவளையே நாட்டின் ராணியாக உட்காரவைத்து, பொம்மையாக இருக்க மறுத்தால் என்ன நடக்கும் என்று பார்த்தார். வேலூரில் மூட்டையைத் தூக்கியவரை மையமாக வைத்து, ஹெர்பர்ட்டின் பொறுமையோடு எழுதப்படும் ஒரு தமிழ் நாவலுக்கு வேண்டிய சரக்கு முழுவதும் சந்திரகிரிக்கும் தோப்பூருக்கும் இடையில் கிடக்கிறது. கோள் எதுவாக இருந்தாலும் சரி.